குவாண்டம் தகவலியல் ஆராய்ச்சி வேலை, பயிற்சி: எந்தக் கதவைத் தட்டுவது?

கயல்

எம்.எஸ்சி இயற்பியல் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். பிஎச்.டி பண்ணினால் குவாண்டம் தகவலியலில்தான் (குவாண்டம் விதிகளைக் கொண்டு தகவலைக் கையாளும் துறை) என்று மனதில் போட்டுக்கொண்டு எட்டு மாதமாகிறது. தினமும் அறிவிப்புகளைப் படிக்கிறேன். ஒன்று டைல்யூஷன் ஃப்ரிட்ஜில் (மிகக் கடுங்குளிர் தரும் ஆய்வகக் கருவி) வேலை பார்த்த அனுபவம் கேட்கிறது. அடுத்தது குவாண்டம் கணினியில் வரும் பிழைகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பிழைத்திருத்தம் தெரிய வேண்டும், சி பிளஸ் பிளஸ் சரளமாக வர வேண்டும் என்கிறது. மூன்றாவது முழுக்க முழுக்கக் கணிதம். மூன்றுக்கும் தலைப்பு ஒன்றுதான். இது ஒரே துறையா, பல துறையா என்றே பிடிபடவில்லை.

இதுவரை 23 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு பேர் பதில் சொன்னார்கள், இருவரும் இடமில்லை என்றார்கள். ஆன்லைன் சான்றிதழ் ஆறு வைத்திருக்கிறேன். என்ன செய்தால் ஒரு குழு என்னைத் திரும்பிப் பார்க்கும்? நேராகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

மில்லிகெல்வின்

கயல், மீக்கடத்தி க்யூபிட் லேப்ல ஒன்பது வருஷமா இருக்கேன். க்யூபிட்னா குவாண்டம் கணினியோட அடிப்படை அலகு, எங்களோடது மீக்கடத்தி மின்சுற்று. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

துறை ஒண்ணுதான், உள்ள வர்ற வழிதான் பல. எங்க க்யூபிட் சுமாரா 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கும். அந்த அதிர்வெண்ணை வெப்பநிலையா மாத்திப் பாரு, 240 மில்லிகெல்வின் வரும். அதைவிட ரொம்பக் கீழ போனாத்தான் வெப்பம் க்யூபிட்டைத் தட்டி எழுப்பாம இருக்கும். அதனாலதான் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவை ஓடற ஃப்ரிட்ஜ், அதனாலதான் 10, 20 மில்லிகெல்வின். அறிவிப்புல கிரையோஜெனிக்ஸ், அதாவது கடுங்குளிர் நுட்பம், கேக்கறதுக்குக் காரணம் அவ்வளவுதான்.

வேலை எப்படி இருக்கும்னு ஒண்ணு சொல்றேன். முதல் வருஷம் மைக்ரோவேவ் கேபிளை இணைக்கற ஒரு எஸ்எம்ஏ கனெக்டரைக் கையாலயே முறுக்கிட்டு விட்டுட்டேன், சரியான இறுக்கம் தர்ற டார்க் ரெஞ்ச் போடல. அறை வெப்பநிலையில அளந்தப்ப சிக்னல் நல்லாத்தான் போச்சு. மூடி, காத்தை உறிஞ்சி, ரெண்டு நாள் குளிர வச்சோம். கீழ போனதும் உலோகம் சுருங்கிச்சு, அந்த லைன் செத்துப்போச்சு. திரும்பச் சூடாக்கி, திறந்து, அரைச் சுத்து முறுக்கி, மறுபடி குளிர வச்சோம். ஒரு வாரம் போயிடுச்சு, என்கூட இருந்த ரெண்டு பேரோட வாரமும் சேர்த்து. அன்னையிலருந்து ஒவ்வொரு கனெக்டருக்கும் நோட்டுல ஒரு டிக் போடறேன்.

இன்டர்வியூக்கு வர்றவங்ககிட்ட நாங்க தேடறது இந்தப் பழக்கத்தைத்தான். ஃப்ரிட்ஜைத் தொட்டவங்க எம்.எஸ்சி-ல யாரு இருக்கப் போறா? ஏதாவது ஒரு அளவீட்டை நீயே கட்டி, அது தப்பாப் போய், ஏன் தப்பாப் போச்சுன்னு கண்டுபிடிச்சிருக்கியா? அது லாக்-இன் ஆம்ப்ளிஃபயரா இருக்கலாம், ஃபோட்டோடயோடா இருக்கலாம். அதை எழுது.

தறி

நான் கோட்பாட்டுப் பக்கம், பிழைத்திருத்தம். எங்கள் குழுவுக்கு வரும் மின்னஞ்சல்களை முதலில் படிப்பது நான்தான், அதனால் அந்த 23 மின்னஞ்சல்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு' என்று தொடங்கும் கடிதம் வாரத்துக்குப் பத்தாவது வரும். எந்த ஆய்வு என்று சொல்லாத கடிதத்தை நாங்கள் தொடர்ந்து படிப்பதில்லை, படிக்க நேரமும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: 'உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தை நானே கணக்கிட்டுப் பார்த்தேன், தூரம் 5-க்கான வளைவு எனக்கு இன்னும் சற்று மேலே வருகிறது, இரைச்சல் மாதிரியில் நான் எதையாவது விட்டுவிட்டேனா?' ஐந்து வரிதான். அன்றே பதில் போட்டோம். அவருடைய கணக்கில்தான் பிழை இருந்தது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

ஆறு சான்றிதழையும் ஒரு வரியில் அடக்கிவிடுங்கள். அவை நீங்கள் பாடம் கேட்டீர்கள் என்பதை மட்டுமே காட்டும். ஒரே ஒரு முடிவை எடுத்து, தொடக்கம் முதல் கடைசிவரை நீங்களே மறுபடி செய்து, நிரலோடும் விளக்கத்தோடும் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ஒரு மாதம் பிடிக்கும். 23 கடிதம் எழுதவும் உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகியிருக்கும்.

கயல்

தறி ஐயா, மிக்க நன்றி. நான் அனுப்பியது அப்படிப்பட்ட கடிதம்தான். பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன்.

எந்த முடிவை எடுக்கலாம்? பிழைத்திருத்தம் பிடித்திருக்கிறது, ஆனால் பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஸ்டெபிலைசர் அளவீடுகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

தறி

ஸ்டெபிலைசர் தெரிந்தால் போதும். சர்ஃபேஸ் கோடு என்பது பல க்யூபிட்களைக் கட்டமாக அடுக்கி ஒரே க்யூபிட்டைக் காக்கும் முறை, தூரம் என்பது அந்தக் கட்டத்தின் பக்க அளவு. அதன் த்ரெஷோல்ட் படத்தை வரையுங்கள். தூரம் 3, 5, 7 என்று மூன்று வளைவுகள். கீழே ஒவ்வொரு க்யூபிட்டின் பிழை விகிதம், பக்கவாட்டில் அப்படிக் காக்கப்படும் க்யூபிட்டின் பிழை விகிதம். மூன்றும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும், அதுதான் த்ரெஷோல்ட். அந்த இடத்துக்கு இடப்பக்கம் தூரம் கூடக் கூடப் பிழை குறையும், வலப்பக்கம் கூடும். 2024-இல் கூகுளின் வில்லோ குவாண்டம் சில்லில் நிஜமாகவே காட்டியது அந்த இடப்பக்கத்தைத்தான்: 3-இலிருந்து 5, 5-இலிருந்து 7 என்று போகும்போது ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. தூரம் 7 என்றால் 49 தரவு க்யூபிட், 48 அளவீட்டு க்யூபிட்.

இதை உருவகப்படுத்த ஸ்டிம் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, கூடவே பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் பைமேட்சிங். இரண்டும் இலவசம், சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். அடிப்படைக்குக் கால்டெக்கில் ஜான் பிரெஸ்கில் பொதுவில் வைத்திருக்கும் பாடக்குறிப்புகளில் பிழைத்திருத்தப் பகுதியைப் படியுங்கள்.

ஆர்எஃப்_அன்பு

இயற்பியல் படிக்காதவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. நான் தொலைத்தொடர்பில் ஆர்எஃப் (ரேடியோ அலை) இன்ஜினியராக இருந்தவன். இப்போது ஒரு குவாண்டம் ஆய்வகத்தில் கட்டுப்பாட்டு மின்னணுவியல் பார்க்கிறேன். பிஎச்.டி கிடையாது.

ஒரு க்யூபிட்டைத் திருப்ப வேண்டுமென்றால் சில பத்து நானோநொடிக்கு ஒரு மைக்ரோவேவ் துடிப்பு போக வேண்டும். வடிவம், கட்டம், நேரம் மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். அந்தக் கம்பி 300 கெல்வினிலிருந்து 10 மில்லிகெல்வினுக்கு இறங்குகிறது. மேலேயிருந்து வெப்ப இரைச்சலும் அதே கம்பியில்தான் இறங்கும். அதனால் வழியில் படிப்படியாக சிக்னலையும் இரைச்சலையும் மெலிதாக்கும் அட்டெனுவேட்டர் வைப்போம், மொத்தம் 60 டெசிபெல் அளவுக்கு. திரும்பி வரும் சிக்னல் மிக மெலிது, அதற்கு 4 கெல்வினில் ஆம்ப்ளிஃபயர். சிக்னலை உடனுக்குடன் படித்து முடிவெடுக்க எஃப்பிஜிஏ என்ற, வேண்டியபடி மாற்றியமைக்கக்கூடிய சில்லு. இதில் எது குவாண்டம், எது மின்னணுவியல் என்று பிரிக்க முடியாது. நான் உள்ளே வந்தபோது எனக்கு க்யூபிட் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. அதிர்வெண்ணை மாற்றும் மிக்சரில் வரும் கசிவை எப்படி அடக்குவது என்று தெரியும். குழுவில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், மெட்டீரியல் சயன்ஸ் படித்தவர்கள் 'குவாண்டம் விஞ்ஞானி' என்ற தலைப்பை மட்டும் தேடாதீர்கள். கிரையோஜெனிக் இன்ஜினியர், நானோ ஃபேப்ரிகேஷன், எஃப்பிஜிஏ ஃபர்ம்வேர், லேசர், வெற்றிட அமைப்பு என்றும் தேடுங்கள்.

மில்லிகெல்வின்

அன்பு சொன்னதோட ஒண்ணைச் சேர்க்கறேன். 2025 இயற்பியல் நோபல் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூணு பேருக்கு. பெர்க்லியில 1984, 85-ல செஞ்ச சோதனைக்கு. கைக்கு அடங்கற ஒரு மின்சுற்று மொத்தமா குவாண்டம் விதிப்படி நடக்குதுன்னு காட்டினாங்க. அந்தச் சமயத்துல கிளார்க் பேராசிரியர், டெவோரே போஸ்ட்டாக் (பிஎச்.டி முடிச்ச தற்காலிக ஆய்வாளர்), மார்ட்டினிஸ் பிஎச்.டி மாணவர். அந்தச் சோதனையில பெரிய பாடே வெளியிலருந்து கம்பி வழியா வர்ற மைக்ரோவேவ் இரைச்சலைத் தடுக்கறதுதான். அதுக்காகத் தாமிரத்தூளை அடைச்சு ஃபில்டர் செஞ்சாங்க. அந்த மாதிரி ஃபில்டர் இன்னைக்கும் லேப்கள்ல புழங்குது. ஒரு மாணவர் ஃபில்டர்ல செலவழிச்ச நேரம் வீண் இல்லைன்னு சொல்லத்தான் இதை இழுத்தேன்.

இரவுப்பறவை

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் இரண்டாவது போஸ்ட்டாக்கில் இருக்கிறேன். சில விஷயங்களைக் கயல் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

முதல் பிஎச்.டி இடம் எனக்கு எப்படிக் கைநழுவியது என்று சொல்கிறேன். ஒரு குழுத் தலைவர் காணொளியில் பேசினார். பிடித்துப்போனது. 'நிதி வந்துவிடும், நீ வேறெங்கும் தேட வேண்டாம்' என்றார். நானும் கையிலிருந்த இன்னொரு வாய்ப்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். நிதி வரவில்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவரும் நம்பித்தான் இருந்தார். ஆனால் என் ஒரு வருடம் போனது. கடிதம் கையில் வரும்வரை எந்த வாய்ப்பையும் மறுக்காதீர்கள். 'இந்த இடத்துக்கான பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி?' என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. நல்ல கைடு அதற்கு நேராகப் பதில் சொல்வார்.

இன்னொன்று, ஒப்பந்தத்தை வாசியுங்கள். ஜெர்மனி அறிவிப்பில் 'டிவி-எல் இ13, 75 சதவீதம்' என்று இருந்தால் (டிவி-எல் இ13 அங்கே அரசுச் சம்பளப் படி) சம்பளம் முழு வேலைக்கானதில் முக்கால் பங்கு. ஆய்வகத்தில் நேரம் முக்காலாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் வலையமைப்பு என்றால், சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. எம்.எஸ்சி-யை அங்கேயே படித்த ஒரு நண்பருக்கு, தேர்வான பிறகுதான் இது தெரிந்தது. இடம் போய்விட்டது.

துறை இன்று சூடாக இருக்கிறது. பத்து வருடம் கழித்தும் இப்படியே இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதை மனதில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

தறி

நிதியைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் சரி. கடைசிப் பத்தியில்தான் நான் வேறுபடுகிறேன். சூடு ஆறினாலும் இங்கே கற்றுக்கொண்டது கையில் இருக்கும். பிழை எங்கே என்று கணிக்கும் டிகோடர் நிரலை எழுதியவருக்கு வரைபட வழிமுறைகள் தெரியும், நிகழ்தகவு தெரியும், பெரிய உருவகப்படுத்தலை வேகமாக ஓட்டத் தெரியும். மில்லிகெல்வினின் மாணவருக்கு நுண்ணலையும் வெற்றிடமும் தெரியும். இதெல்லாம் குவாண்டம் என்ற சொல்லை நம்பியா இருக்கிறது?

இரவுப்பறவை

இயற்கணிதத் தேற்றம் மட்டுமே நிரூபித்தவருக்கு? என் நிலை அதுதான். எனக்குப் பிடித்த வேலை, செய்ததற்கு வருத்தமும் இல்லை. ஆனால் என்னோடு முடித்தவர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மூன்று கதவு திறந்தது, எனக்கு ஒன்று. கோட்பாட்டுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வது: பக்கத்தில் ஒரு கைவேலையையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

தறி

இதை அப்படியே ஏற்கிறேன். என் மாணவர்களிடம் இனி இதைச் சொல்வேன்.

பூட்டுச்சாவி

கயல் கேட்காத ஒரு பக்கம், ஆனால் தேடுகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம். 'குவாண்டம் பாதுகாப்பு' என்ற பெயரில் வரும் வேலைகள் இரண்டு வகை, ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு குறைவு.

1994-இல் பெரிய எண்களைக் காரணிப்படுத்தும் ஷோர் வழிமுறை வந்ததிலிருந்து, பெரிய குவாண்டம் கணினி வந்தால் பரவலாகப் புழங்கும் ஆர்எஸ்ஏ மறைகுறியீடு உடையும் என்று தெரியும். அதற்கு மாற்றாகச் சாதாரணக் கணினியிலேயே ஓடுகிற புதிய மறைகுறியீடுகள் ஒரு வகை. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் முதல் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. அந்த வேலைக்குத் தேவை லாட்டிஸ் (புள்ளிகளின் ஒழுங்கான அடுக்கு) கணிதம், பாதுகாப்பான நிரலாக்கம், பழைய அமைப்புகளைப் புதியதற்கு மாற்றும் பொறுமை. க்யூபிட் எதுவும் வராது. இன்றே கைப்பற்றிச் சேமித்து வைத்த தகவலை நாளைக்கு உடைக்கலாம் என்பதால், இந்த வேலை குவாண்டம் கணினிக்காகக் காத்திருக்க முடியாது.

மற்றது குவாண்டம் சாவிப் பகிர்வு, ஒளியின் வழியே ரகசியச் சாவியைப் பரிமாறுவது. பென்னட், பிராசார்ட் 1984-இல் சொன்னது. அது ஒற்றை ஃபோட்டான், லேசர், டிடெக்டர், ஒளியிழை. ஒளியியல் ஆய்வக அனுபவம் வேண்டும். முதல் வகை வேலைக்கு இரண்டாவதைப் பற்றிக் கடிதம் எழுதி அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், கடிதம் மட்டும் தப்பான இடத்துக்கு வந்தது.

அயனி

பயிற்சி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. நான் அயனிப் பொறி ஆய்வகம், பிடித்துவைத்த அயனிகள்தான் எங்கள் க்யூபிட். எனக்குக் கதவு திறந்ததே ஒரு கோடைப் பள்ளியில்தான்.

கனடாவின் வாட்டர்லூவில் குவாண்டம் கணினியியல் நிலையம், 2002-இலிருந்து இருக்கிறது. இளநிலை மாணவர்களுக்கென்று அங்கே சோதனைமுறைக் கோடைப் பள்ளி ஒன்று நடத்துகிறார்கள். இரண்டு வாரம், கையால் கருவியைத் தொட்டுச் செய்வது. எம்.எஸ்சி முடிக்கிறவருக்குப் அதே ஊரில் உள்ள பெரிமீட்டர் கோட்பாட்டு இயற்பியல் நிலையத்தின் ஒரு வருட முதுகலையும், இத்தாலி திரியெஸ்தேயில் ஐசிடிபி (பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம்) நடத்தும் டிப்ளமாவும் இருக்கின்றன. ஐசிடிபி-யை 1964-இல் அப்துஸ் சலாம் தொடங்கியதே வளரும் நாடுகளின் இயற்பியலாளர்களுக்காகத்தான், டிப்ளமாவும் அந்த நாட்டு மாணவர்களுக்கானது. பிஎச்.டி-க்குள் வந்த பிறகு பிரான்சின் லேஸூஷ் மலைப் பள்ளி. அங்கே பாடம் எவ்வளவு முக்கியமோ, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காருகிறவர் அவ்வளவு முக்கியம். என் போஸ்ட்டாக் அப்படி வந்ததுதான்.

குழுக்களைத் தேட இடம் தெரியவில்லை என்றால் நெதர்லாந்தில் டெல்ஃப்டின் க்யூடெக், சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையம், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் என்று தொடங்குங்கள். பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளத்தில் குவாண்டம் இயற்பியல் பிரிவைத் தினமும் பத்து நிமிடம் பாருங்கள். பிடித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் யார், எந்த ஊர், கடைசி ஆசிரியர் யார் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் உங்களிடம் இருக்கும் பட்டியல் எந்த அறிவிப்புப் பலகையிலும் கிடைக்காது. புதிதாகக் குழு தொடங்கியவர்கள் கண்ணில் படுவார்கள், அவர்களுக்குத்தான் ஆள் தேவை.

நாட்காட்டியும் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரோடு முடிகிறது, குழுவுக்கு இல்லாமல் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், படிப்பு ஐந்து ஆறு ஆண்டு போகும். ஐரோப்பாவில் அநேகமாக எம்.எஸ்சி கேட்பார்கள், வேலைக்கு எடுப்பது போல் குழுவே எடுக்கும், வருடம் முழுவதும் அறிவிப்பு வரும், மூன்று நான்கு ஆண்டில் முடியும். சில நாடுகளில் அரசு ஆய்வகப் பணிகளுக்குக் குடியுரிமைக் கட்டுப்பாடு உண்டு, அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நிரல்முகில்

மென்பொருள் பக்கத்திலிருந்து: திறந்த மூலத் திட்டங்களில் பங்களிப்பதும் பயிற்சிதான். கிஸ்கிட், பென்னிலேன், க்யூடிப் என்ற குவாண்டம் நிரல் தொகுப்புகள் எல்லாவற்றிலும் புதியவர்களுக்கென்று குறித்து வைத்த சின்ன வேலைகள் இருக்கும். என் முதல் பங்களிப்பு ஆவணத்தில் ஒரு பத்தி. கிஸ்கிட்டில் பூஜ்யமாவது க்யூபிட் விடைச் சரத்தின் வலது கோடியில் வரும். பாடநூல்களில் பெரும்பாலும் இடது கோடி. இது தெரியாமல் மூன்று நாள் என் நிரலில் பிழை தேடினேன். பிறகு அந்த இடத்தில் ஓர் எடுத்துக்காட்டு சேர்த்து அனுப்பினேன். அதைப் பரிசீலித்தவர் நான்கு முறை திருத்தச் சொன்னார். ஒருவர் என் எழுத்தை அவ்வளவு கவனமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. பின்னாளில் எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் அவரே.

ஆர்எஃப்_அன்பு

பரிந்துரைக் கடிதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கயல், கடிதம் தரப்போகிறவருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எந்தச் சோதனை, என்ன தடுமாற்றம், எப்படி மீண்டீர்கள் என்று. 'நல்ல மாணவி, ஒழுக்கமானவர்' என்று மட்டும் இருக்கும் கடிதம் உதவாது. கேட்பதற்குக் கடைசித் தேதிக்கு முந்தைய நாள்வரை காத்திருக்காதீர்கள், நாலு வாரமாவது விடுங்கள்.

கயல்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். ஸ்டிம் படம் வரைந்துவிட்டேன். மூன்று வளைவும் வெட்டிக்கொள்வதைப் பார்த்தபோது அறையில் தனியாக இருந்தாலும் கைதட்டினேன்.

ஆனால் ஏதோ தப்பு. எல்லாக் கட்டுரையிலும் சர்ஃபேஸ் கோடுக்கு த்ரெஷோல்ட் 1 சதவீதம் பக்கத்தில் என்றுதான் இருக்கிறது. எனக்கு 15 சதவீதத்துக்கு அருகில் வெட்டுகிறது. நிரலை மூன்று முறை முதலிலிருந்து எழுதிப் பார்த்துவிட்டேன், அதே 15.

தறி

இரைச்சலை எங்கெங்கே வைத்தீர்கள்? எத்தனை சுற்று?

கயல்

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் தரவு க்யூபிட்களுக்கு டிபோலரைசிங் இரைச்சல். ஒரு சுற்று.

தறி

அப்படியானால் நிரலில் தப்பே இல்லை. நீங்கள் வேறொரு கேள்விக்குச் சரியான விடை கண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாதிரியில் அளவீடு பொய் சொல்வதே இல்லை, கேட்டுகளில் (க்யூபிட் மீது செய்யும் செயல்களில்) பிழையே இல்லை. தரவு க்யூபிட் மட்டும்தான் கெடுகிறது. அந்த நிலையில் பிட் புரளும் பிழைக்கு, பைமேட்சிங் செய்கிற மாதிரி இணைசேர்த்துப் பிழை கண்டுபிடித்தால், த்ரெஷோல்ட் 10.3 சதவீதம். டிபோலரைசிங்கில் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று வகைப் பிழைக்கும் சம வாய்ப்பு. நீங்கள் காக்கும் நிலையை எக்ஸும் ஒய்யும் மட்டும்தான் புரட்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 10.3-ஐ ஒன்றரையால் பெருக்குங்கள். 15.45. உங்கள் படம் சொல்வது அதுதான்.

இப்போது கேட்டுக்குப் பின் பிழை, அளவீட்டுக்கு முன் புரட்டல், ரீசெட்டுக்குப் பின் புரட்டல் மூன்றையும் சேர்த்து, சுற்றுகளைத் தூரத்துக்குச் சமமாக வையுங்கள். அளவீடே நம்பத்தகாததாகும்போது ஒரு சுற்று போதாது, திரும்பத் திரும்ப அளந்தால்தான் பொய்யைப் பிடிக்க முடியும்.

மில்லிகெல்வின்

இதைப் படிச்சுட்டு எங்க லேப் பசங்களுக்கும் காட்டினேன். 15-க்கும் 1-க்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் நாங்க ஃப்ரிட்ஜுக்குள்ள தினம் படற பாடு, கயல். க்யூபிட்டைப் படிக்கறதுலயும் தப்பு வரும், கேட் போடறதுலயும் தப்பு வரும், எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைக் கீழ இழுக்குது.

கயல்

வந்துவிட்டது. 1 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுகிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இடம் மாறியது என்று நாலு பக்கம் எழுதினேன். நிரலோடு பொதுவில் போட்டாயிற்று.

இந்த முறை ஆறே பேருக்கு மின்னஞ்சல். ஒவ்வொன்றிலும் அவர்கள் கட்டுரையில் இருந்து ஒரு கேள்வி. மூன்று பதில் வந்தது. ஒருவர் இடமில்லை என்று சொல்லிவிட்டு, என் கேள்விக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். இன்னொருவர் அடுத்த சுற்று அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கச் சொன்னார். மூன்றாமவர் அடுத்த வியாழன் காணொளியில் பேசலாம் என்கிறார், படத்தைத் திரையில் காட்டி விளக்க வேண்டுமாம்.

இரவுப்பறவை அண்ணா, நிதி எந்தத் திட்டம், எத்தனை ஆண்டு என்ற கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறேன். அதை முதல் பேச்சிலேயே கேட்கலாமா?

இரவுப்பறவை

கேட்கலாம் கயல். முடிவில், 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்று அவரே இடம் கொடுப்பார், அப்போது கேளுங்கள். கூடவே அந்தக் குழுவின் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேச முடியுமா என்றும் கேளுங்கள். கைடு வாரம் எத்தனை முறை சந்திப்பார், முன்பு முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்த மாணவரிடம் விசாரியுங்கள். பேச விடாத குழு என்றால் யோசியுங்கள்.

தறி

படத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. வியாழனுக்கு முன் ஒன்றைச் சரிசெய்யுங்கள். தூரம் 7 வளைவின் இடக்கோடியில் இருக்கும் கடைசிப் புள்ளிக்கு எத்தனை ஓட்டம் போட்டீர்கள்?

கயல்

எல்லாப் புள்ளிக்கும் 10,000. அந்தப் புள்ளியில் மூன்றே பிழைதான் வந்தது.

தறி

மூன்று பிழை என்றால் அதன் நிச்சயமின்மை மூன்றின் வர்க்கமூலம், கிட்டத்தட்ட 1.7. அதாவது அந்தப் புள்ளி இருக்கும் இடத்திலிருந்து பாதிக்கு மேல் மேலேயோ கீழேயோ நகரலாம். அவர் முதலில் விரல் வைக்கப்போவது அங்கேதான். குறைந்தது நூறு பிழையாவது விழும்வரை ஓட்டுங்கள், எல்லாப் புள்ளிக்கும் பிழைப் பட்டை போடுங்கள்.

கயல்

அந்தப் புள்ளிக்கு மட்டும் பத்து லட்சம் ஓட்டம் போட்டிருக்கிறேன் ஐயா. இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, பிழை 41 வரை வந்திருக்கிறது.